கூடைப்பந்துப் பந்தயம்: கணிப்புச் சந்தையா, பெட்டிங் எக்ஸ்சேஞ்சா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆட்டங்களில் பணம் கட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கட்டணக் கணக்குகள் 2025ஆம் ஆண்டு நிலவரப்படி போடப்பட்டவை. கட்டணங்கள் அடிக்கடி மாறும் என்பதால், பணம் கட்டும் முன் அந்தந்தத் தளத்தின் கட்டணப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

ரெண்டும் ஒண்ணுதானே? பேருதான் வேறயா?

இயங்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் உங்களுக்கு எதிரே நிற்பது பந்தய நிறுவனம் அல்ல, உங்களைப் போன்ற இன்னொருவர். வாங்க வருபவர் ஒரு விலை சொல்கிறார், விற்க வருபவர் ஒரு விலை சொல்கிறார். இரண்டும் பொருந்தும் இடத்தில் ஒப்பந்தம் முடிகிறது. தளம் நடுவில் நின்று கட்டணம் மட்டும் எடுத்துக்கொள்கிறது.

வேறுபாடு வெளித்தோற்றத்திலும் சட்டத்திலும் இருக்கிறது. லண்டனில் 2000இல் தொடங்கிய பெட்ஃபேர், பின்னர் வந்த ஸ்மார்க்கெட்ஸ் போன்றவை சூதாட்ட உரிமம் பெற்ற எக்ஸ்சேஞ்சுகள், விலையை 1.60, 2.50 என்று பந்தய விகிதமாக, அதாவது 1 டாலர் கட்டி வென்றால் மொத்தம் கைக்கு வரும் தொகையாகக் காட்டுகின்றன. கால்ஷி, பாலிமார்க்கெட் போன்ற கணிப்புச் சந்தைகள் 'இந்த அணி வெல்லுமா?' என்ற கேள்வியை 1 டாலர் மதிப்புள்ள ஒப்பந்தமாக்கி, ஆம் 62 சென்ட், இல்லை 39 சென்ட் என்று விற்கின்றன. அணி வென்றால் 'ஆம்' வைத்திருப்பவருக்கு 1 டாலர், தோற்றால் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் இவை நிதிச் சந்தை ஒப்பந்தங்களாகப் பதிவாகியிருக்கின்றன. அதனால் வரும் சிக்கல்களைச் சட்டக் கேள்வியில் பார்க்கலாம்.

சாதாரண பந்தய நிறுவனத்துல கட்டுறதை விட இது எப்படி மேல்?

பந்தய நிறுவனம் இரு அணிகளின் விகிதத்திலும் தன் லாபத்தைச் சேர்த்தே விலை வைக்கும். சம பலமுள்ள இரு அணிகளுக்கு 1.91, 1.91 என்று போட்டால், இரண்டின் வாய்ப்பையும் (1 ÷ 1.91) கூட்டினால் ஏறக்குறைய 104.7 சதவீதம் வரும், அந்த 4.7தான் அவர்களின் பங்கு. எக்ஸ்சேஞ்சிலும் கணிப்புச் சந்தையிலும் இந்தக் கூட்டுத்தொகை முக்கிய ஆட்டங்களில் 101, 102 அளவுக்கு இறங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. தொடர்ந்து வெல்பவரின் பந்தய அளவைச் சாதாரண நிறுவனங்கள் குறைத்துவிடும். இங்கே தளத்துக்கு அந்த அவசியம் இல்லை, ஏனென்றால் நீங்கள் வெல்வது தளத்தின் பணத்தை அல்ல. ஆனாலும் எக்ஸ்சேஞ்ச் முழுக்க நடுநிலை என்று எண்ணிவிட வேண்டாம். பெட்ஃபேர் 2008இல் பெரிய வெற்றியாளர்களுக்குத் தனிக் கட்டணம் கொண்டுவந்து, 2011இல் அதை 60 சதவீதம் வரை உயர்த்தியது. இப்போது அதன் இடத்தில் வேறொரு கட்டணம் இருக்கிறது.

1.60ங்கிறதையும் 62 சென்ட்ங்கிறதையும் எப்படி ஒப்பிடுறது?

1ஐ விகிதத்தால் வகுத்தால் சென்ட் விலை வரும். 1 ÷ 1.60 = 0.625, அதாவது 62.5 சென்ட். திருப்பிப் போட்டால் 1 ÷ 0.62 = 1.613. ஆகவே 62 சென்ட் என்பது 1.60ஐ விட வாங்குபவருக்குச் சற்றே நல்ல விலை. கட்டணத்தைக் கழிக்கும் முன்பு வரை.

விலைப் படிகளின் நுண்மையையும் கவனியுங்கள். கணிப்புச் சந்தையில் பெரும்பாலும் ஒரு சென்ட் ஒரு படி. பெட்ஃபேரில் 1.60இலிருந்து 1.61 என்பது 0.4 சென்ட்தான். வாய்ப்பே இல்லாத அணிகளில் இந்த வேறுபாடு பெரிதாகும்: சென்ட் விலை 1க்குக் கீழே போக இடமில்லாத இடத்தில் (விகிதத்தில் 100), எக்ஸ்சேஞ்சில் 1000 வரை விலை உண்டு. 2 சென்ட்டுக்கும் 1 சென்ட்டுக்கும் நடுவில் விலையே இல்லாத சந்தையில் தோற்கப்போகும் அணியை வாங்குபவர், வாய்ப்புக்கு மேல் பாதி கூடக் கொடுத்திருக்கக்கூடும்.

'லே' பண்றதும் 'இல்லை' வாங்குறதும் ஒண்ணா?

விளைவு ஒன்றே, பணம் பிடிபடும் விதம் வேறு. எக்ஸ்சேஞ்சில் ஒரு அணி வெல்லும் என்று கட்டுவது பேக், வெல்லாது என்று கட்டுவது லே. 2.50 விகிதத்தில் 40 டாலருக்கு லே செய்தால், அந்த அணி தோற்றால் உங்களுக்கு 40 டாலர், வென்றால் நீங்கள் கொடுக்க வேண்டியது 40 × (2.50 − 1) = 60 டாலர். இந்த 60ஐத் தளம் முன்கூட்டியே பிடித்துவைக்கும். புதிதாக வருகிறவர்கள் 40 டாலர்தானே என்று நினைத்து லே செய்துவிட்டு, கணக்கில் 60 குறைந்ததைக் கண்டு திகைப்பது இங்கேதான்.

கணிப்புச் சந்தையில் அதே நிலை: 'ஆம்' 40 சென்ட் என்றால், 'இல்லை' 60 சென்ட்டுக்கு 100 ஒப்பந்தம். கட்டுவது 60, வந்தால் 100. அதிகபட்ச இழப்பு திரையிலேயே தெரிவதால் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த முறை பாதுகாப்பானது என்பது எங்கள் கருத்து.

கட்டணம் எங்க குறைவு? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

கடைசிவரை வைத்திருப்பதானால் எக்ஸ்சேஞ்ச். ஆனால் ஒரு வார்த்தையில் நிறுத்தினால் தவறான முடிவுக்குத்தான் போவீர்கள், ஆகவே கணக்கையும் பாருங்கள்.

எக்ஸ்சேஞ்ச் உங்கள் நிகர வெற்றியில் மட்டும் கமிஷன் எடுக்கும். ஸ்மார்க்கெட்ஸில் வழக்கமான கமிஷன் 2 சதவீதம். பெட்ஃபேரில் நாட்டையும் திட்டத்தையும் பொறுத்து பெரும்பாலோருக்கு 2 முதல் 5 வரை. தோற்றால் கமிஷன் இல்லை. கால்ஷியின் சூத்திரம் வேறு: 0.07 × ஒப்பந்த எண்ணிக்கை × விலை × (1 − விலை), அடுத்த சென்ட்டுக்கு மேல்நோக்கி முழுமையாக்கப்படும். 62 சென்ட்டில் 100 ஒப்பந்தம் உடனே வாங்கினால் 0.07 × 100 × 0.62 × 0.38, அதாவது 1.65 டாலர். இதை வென்றாலும் தோற்றாலும் கொடுக்க வேண்டும்.

இப்போது இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாம். எக்ஸ்சேஞ்சில் அதே பந்தயம் வென்றால் லாபம் 38 டாலர், 62 சதவீதம் முறை வெல்லும். 5 சதவீதக் கமிஷன் என்றால் சராசரியாக 38 × 0.62 × 0.05 = 1.18 டாலர், 2 சதவீதம் என்றால் 47 சென்ட். கூர்ந்து பார்த்தால் விலை × (1 − விலை) என்ற அதே வடிவம் இங்கேயும் வருகிறது. ஆக, கால்ஷியின் 0.07 என்பது, ஆட்டம் முடியும்வரை வைத்திருப்பவருக்குச் சராசரியில் 7 சதவீதக் கமிஷன் எக்ஸ்சேஞ்சுக்குச் சமம். இந்த ஒரு சமன்பாட்டை மனதில் வைத்துக்கொண்டால் வேறெந்தக் கட்டண அட்டவணையும் குழப்பாது.

ஆனால் கட்டணம் மொத்தச் செலவில் பாதிதான். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி ஒரு சென்ட் கூடினால், 100 ஒப்பந்தத்தில் அது 1 டாலர். எக்ஸ்சேஞ்சுகளில் பெரும்பணம் கால்பந்து, குதிரை, டென்னிஸில் நிற்கிறது. சாதாரண என்பிஏ வாரநாள் ஆட்டத்தில் இடைவெளி அகலமாகவே இருக்கும். கமிஷனில் மிச்சப்படுத்திய 1 டாலர் அங்கே போய்விடலாம்.

ஆட்டம் நடக்கும்போதே வித்துட்டு வெளிய வந்தா?

இரண்டுக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. சிலர் மாதக்கணக்கில் இதைக் கவனிக்காமல் வியாபாரம் செய்கிறார்கள்.

50 சென்ட்டில் 100 ஒப்பந்தம் வாங்கி, முதல் குவார்ட்டர் முடிவில் 58க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். மொத்த லாபம் 8 டாலர். மேலே சொன்ன சூத்திரப்படி வாங்கும்போது 1.75, விற்கும்போது 1.71, ஆக 3.46 டாலர் கட்டணம். லாபத்தில் 43 சதவீதம் அதிலேயே போகிறது. இதே வேலை எக்ஸ்சேஞ்சில்: 2.00இல் 50 டாலர் பேக், 1.72இல் 58 டாலர் லே. எந்த அணி வென்றாலும் ஏறக்குறைய 8 டாலர் லாபம், 2 சதவீதக் கமிஷன் 16 சென்ட், 5 சதவீதமானாலும் 40 சென்ட். விலை எதிர்ப்பக்கம் போய் நட்டத்தில் வெளியேறினால் எக்ஸ்சேஞ்சில் கமிஷனே இல்லை. கால்ஷி போன்ற சந்தையில் இரு முறையும் கட்டணம் உண்டு.

கணிப்புச் சந்தையில் இதைத் தணிக்க வழி, உடனே வாங்காமல் லிமிட் ஆர்டர் (இந்த விலைக்குக் கிடைத்தால் மட்டும் என்று குறிப்பது) போட்டுக் காத்திருப்பது. காத்திருக்கும் ஆர்டருக்குக் கட்டணம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். எந்தச் சந்தைக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தப் பக்கத்தில் இருக்கும். ஆனால் காத்திருப்பதற்கு வேறொரு விலை உண்டு. அதை நேரலைக் கேள்வியில் சொல்கிறோம்.

62னு காட்டுது, நான் வாங்கினா 64 ஆகுது. ஏன்?

திரையில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் கடைசியாக நடந்த விலை, அல்லது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலான எண். நீங்கள் வாங்கப்போவது ஆர்டர் புக்கில், அதாவது காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலில் நிற்பதை. 62இல் 40 ஒப்பந்தம், 63இல் 100, 64இல் 500 நின்றால், 300 கேட்டவருக்கு மூன்று படிகளும் கலந்துதான் வரும். விலையைக் குறித்த லிமிட் ஆர்டர் போடுங்கள். கிடைக்கிற விலைக்கு வாங்கும் 'மார்க்கெட்' ஆர்டரைத் தொடவே வேண்டாம்.

சில கணிப்புச் சந்தைகளில் ஒரே ஆட்டத்துக்கு இரு அணிகளுக்கும் தனித்தனி ஒப்பந்தம் இருக்கும். சொந்த மைதான அணியின் 'ஆம்' 63 என்றால், எதிரணியின் 'இல்லை' 62க்குக் கிடைக்கலாம். கூடைப்பந்தில் சமநிலை கிடையாது என்பதால் இரண்டும் ஒரே பொருள். எப்போதும் இரண்டு பக்கத்தையும் பார்த்த பிறகே வாங்குங்கள்.

நேரலைல ஆடும்போது எதுல ஏமாற வாய்ப்பு அதிகம்?

நீங்கள் பார்க்கும் ஒளிபரப்பு மைதானத்தை விடப் பல விநாடி பின்தங்கியது. அரங்கில் இருப்பவருக்கும் வேகமான தரவு வாங்குபவருக்கும் கூடை விழுந்தது உங்களுக்கு முன்பே தெரியும். எக்ஸ்சேஞ்சுகள் இதற்காகவே நேரலையில் ஒவ்வொரு ஆர்டரையும் சில விநாடி நிறுத்திவைக்கின்றன. புக்கில் ஏற்கெனவே காத்திருப்பவர் அந்த இடைவெளியில் தன் ஆர்டரை இழுத்துக்கொள்ளலாம். பெட்ஃபேரில் ஆட்டம் தொடங்கும்போது பொருந்தாத ஆர்டர்கள் தாமாகவே ரத்தாகும். வைத்திருக்க வேண்டுமானால் நீங்கள் முன்பே அதைத் தேர்ந்திருக்க வேண்டும்.

கணிப்புச் சந்தையில் அப்படியொரு பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். காலையில் போட்ட லிமிட் ஆர்டர், காலாவதி நேரம் வைக்காவிட்டால், நான்காவது குவார்ட்டரிலும் நிற்கும். 10 விநாடி மீதி, உங்கள் அணி 3 புள்ளி முன்னிலை, நீங்கள் 85இல் வாங்கக் காத்திருக்கிறீர்கள். எதிரணி மூன்று புள்ளிக் கூடையைப் போட்ட அடுத்த நொடியில் உங்கள் ஆர்டர் நிறைவேறும், உண்மையான விலை அப்போது 50 அருகில். ஆர்டர் போடும்போதே ஆட்டம் தொடங்கும் நேரத்தைக் காலாவதியாக வையுங்கள்.

காயச் செய்தி வரும்போது எது வேகமா நகரும்?

இரண்டும் நொடிகளில் நகரும். உங்கள் கையால் முந்த முடியாது. செய்தி வரும் நேரத்தை அறிந்து அதற்கு முன் ஆர்டர்களை எடுத்துவிடுவதே உங்களால் முடிந்தது. அணிகள் ஆட்டத்துக்கு முந்தைய நாள் உள்ளூர் நேரம் மாலை 5 மணிக்குள் காயப் பட்டியலைத் தர வேண்டும் என்பது என்பிஏ விதி. தொடர்ந்து இரு நாள் ஆடும் அணிக்கு, இரண்டாம் ஆட்டத்தன்று பிற்பகல் 1 மணி. 'சந்தேகம்' என்று குறிக்கப்பட்ட முன்னணி ஆட்டக்காரரின் நிலை ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் தெளிவாகும். அந்த நேரத்தில் திறந்த ஆர்டர் வைத்திருப்பது அடுத்தவருக்கு இலவசமாகக் கொடுப்பது.

ஒரு ஆட்டக்காரர் எத்தனை புள்ளி எடுப்பார்னு கட்டலாமா?

கட்டலாம், நாங்கள் பரிந்துரைக்கவில்லை. புக்கில் நிற்கும் பணம் மிகக் குறைவு, எதிரே இருப்பவருக்கு உள்தகவல் இருக்க வாய்ப்பு அதிகம். என்பிஏ ஆட்டக்காரர் ஜான்டே போர்ட்டர் தன் உடல்நிலை குறித்த தகவலைப் பந்தயக்காரர்களுக்குக் கொடுத்ததற்காகவும், தானே ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டதற்காகவும் 2024 ஏப்ரலில் என்பிஏவிலிருந்து வாழ்நாள் தடை பெற்றார். அணி வெற்றியை ஒருவர் மட்டும் தீர்மானிப்பது கடினம்; தன் புள்ளியைக் குறைத்துக்கொள்வது எளிது.

ஓவர்டைம் போனா என்ன ஆகும்? ஹேண்டிகேப்ல சரியா 5 வித்தியாசம்னா?

'யார் வெல்வார்' ஒப்பந்தத்தில் 5 நிமிட ஓவர்டைம்கள் எல்லாம் சேரும். குவார்ட்டர் அல்லது 48 நிமிட முடிவு என்று தலைப்பிலேயே இருந்தால் மட்டும் சேராது. ஹேண்டிகேப் (வலுவான அணி இத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்ல வேண்டும் என்ற பந்தயம்) முழு எண்ணாக இருந்தால் எக்ஸ்சேஞ்சில் பணம் திரும்பலாம். கணிப்புச் சந்தைகளில் பெரும்பாலும் 5.5 என்று அரை வைத்திருப்பார்கள்; முழு எண் இருந்தால் '5க்கு மேல்' என்றா '5 அல்லது மேல்' என்றா என்று வாசியுங்கள்.

ஆட்டம் ரத்தானா காசு திரும்பி வருமா?

எக்ஸ்சேஞ்சில் பொதுவாக வரும்: பந்தயம் செல்லாது, கட்டிய தொகை அப்படியே திரும்பும். தள்ளிவைக்கப்பட்டால் எத்தனை நாளுக்குள் நடந்தால் செல்லும், பாதியில் நின்றால் எத்தனை நிமிடம் ஆடியிருக்க வேண்டும் என்பவை தளத்துக்குத் தளம் வேறு.

கணிப்புச் சந்தையில் 'செல்லாது' என்ற சொல்லையே எதிர்பார்க்க வேண்டாம். பாலிமார்க்கெட்டின் என்பிஏ ஆட்டங்களில் தள்ளிவைத்தால் சந்தை திறந்தே இருக்கும்; மறு ஆட்டம் இல்லாமல் முழுக்க ரத்தானால் 50-50 என்று முடிப்பதே வழக்கமான விதி. 80 சென்ட்டுக்கு வாங்கியவருக்கு 50 வரும், 20க்கு வாங்கியவருக்கும் 50 வரும். ஒரு தவறும் செய்யாமலே 30 சென்ட் போகிறது. வலுவான அணியை அதிக விலைக்கு வாங்குபவர் இந்த வரியைத் தேடிப் படித்தே ஆக வேண்டும்.

முடிவை யார் அறிவிக்கிறது? தகராறு வந்தா?

எக்ஸ்சேஞ்சிலும் கால்ஷியிலும் தளமே, விதியில் சொன்ன ஆதாரத்தை வைத்து. பாலிமார்க்கெட்டின் பிளாக்செயின் சந்தைகளில் யூஎம்ஏ என்ற முறை: ஒருவர் பிணைத்தொகை வைத்து முடிவை முன்மொழிகிறார், வழக்கமாக 2 மணி நேரத்துக்குள் எவரும் எதிர்க்கவில்லையென்றால் அதுவே முடிவு. எதிர்த்தால் யூஎம்ஏவின் டிஜிட்டல் டோக்கன் வைத்திருப்போரின் வாக்கெடுப்புக்குப் போகும், நாட்களாகும். வெற்றி தோல்வியில் தகராறு அரிது.

இது சட்டப்படி சரிதானா?

நீங்கள் எங்கிருந்து கட்டுகிறீர்களோ அந்த இடத்துச் சட்டம்தான் பதில். பிரிட்டனில் எக்ஸ்சேஞ்சுகள் 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவை. அமெரிக்காவில் 2018இல் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத் தடையை நீக்கியபின், அனுமதிப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே முடிவு செய்கிறது. ஆனால் மாநில எல்லை தாண்டிப் பந்தயத் தகவல் அனுப்புவதை 1961ஆம் ஆண்டின் வயர் சட்டம் தடுப்பதால், நியூ ஜெர்சியில் 2022இல் தொடங்கிய ஸ்போர்ட்ட்ரேட் போன்ற எக்ஸ்சேஞ்சுகளால் நாடு முழுவதற்கும் ஒரே புக் வைக்க முடியவில்லை. புக் சிறிதானால் இடைவெளி அகலும்.

கணிப்புச் சந்தைகள் இந்தத் தடையை வேறு வாசல் வழியே கடந்தன. கால்ஷி 2020இல் சரக்கு எதிர்கால வர்த்தக ஆணையத்தின் அனுமதி பெற்ற சந்தை. 2025 தொடக்கத்தில் விளையாட்டு ஒப்பந்தங்களைக் கொண்டுவந்தது. கூட்டாட்சி அனுமதி போதும் என்று அது வாதிடுகிறது. நெவாடாவும் நியூ ஜெர்சியும் 2025 மார்ச்சில் நிறுத்தச் சொல்லி உத்தரவிட, விவகாரம் நீதிமன்றங்களுக்குப் போனது. பாலிமார்க்கெட் 2022இல் அதே ஆணையத்துக்கு 14 லட்சம் டாலர் அபராதம் கட்டி அப்போதைக்கு அமெரிக்கர்களை வெளியேற்றியது. அனுமதியில்லாத இடத்திலிருந்து விபிஎன் போட்டு நுழைந்தால், தோற்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். பணம் எடுக்கும்போது அடையாளச் சரிபார்ப்பில் கணக்கு முடங்கும்.

இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு வாங்கினா உறுதியான லாபம்தானே?

இரு கணக்கையும் சட்டப்படி வைத்திருக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. அவர்களுக்கும் கணக்கு இப்படித்தான் வரும். கணிப்புச் சந்தையில் முதல் அணி 57 சென்ட், எக்ஸ்சேஞ்சில் எதிரணி 2.50, அதாவது 40 சென்ட். 97 டாலர் போட்டு 100 எடுக்கலாம், 3 டாலர் லாபம் என்று தோன்றும். 57இல் 100 ஒப்பந்தத்துக்கு மேலே சொன்ன சூத்திரப்படி கட்டணம் 1.72. முதல் அணி வென்றால் மிஞ்சுவது 1.28. எதிரணி வென்றால் எக்ஸ்சேஞ்சில் 60 டாலர் லாபத்தில் 2 சதவீதம் 1.20 போக, மிஞ்சுவது 8 சென்ட். கமிஷன் 5 சதவீதமானால் 1.72 டாலர் நட்டம்.

ரத்தான ஆட்டத்தையும் இங்கே பொருத்திப் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் 40ஐத் திருப்பித் தரும், 50-50 விதி உள்ள சந்தை 57க்கு 50 தரும். கட்டணம் தனி, 7 டாலர் போயிற்று. ஒரு பக்கம் வாங்கி முடித்து மறுபக்கம் விலை நகர்ந்துவிடும் ஆபத்தும் பவுண்டு–டாலர் மாற்றும் செலவும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

வரி?

பிரிட்டனில் பந்தய வெற்றிக்குப் பந்தயக்காரர் வரி கட்டுவதில்லை. அமெரிக்காவில் சூதாட்ட வெற்றி வருமானம். 2026 முதல் இழப்பில் 90 சதவீதத்தை மட்டுமே கழிக்க முடியும். கணிப்புச் சந்தை லாபத்தைச் சூதாட்டமாகவா, நிதி ஒப்பந்தமாகவா காட்டுவது என்பதில் வரி ஆலோசகர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒவ்வொரு ஆர்டரின் பதிவையும் பதிவிறக்கி வையுங்கள்.

சீசன் முழுக்க வச்சிருக்கிற ஒப்பந்தம் வாங்கலாமா? 'இந்த அணி 50 வெற்றி தாண்டுமா' மாதிரி?

இரண்டு விஷயம். முதலாவது, எந்த ஆட்டங்கள் எண்ணப்படும் என்பது. சீசனில் ஒரு அணிக்கு 82 ஆட்டங்கள். சீசனுக்கு நடுவே நடக்கும் என்பிஏ கோப்பையின் இறுதியாட்டம் அந்தக் கணக்கில் சேராது. டிசம்பரில் கோப்பையை வென்ற அணிக்கு ஒரு வெற்றி கூடிவிட்டது என்று விலை பார்த்து வாங்கினால், இல்லாத வெற்றிக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

இரண்டாவது, பணம் முடங்குவது. அக்டோபரில் போட்டது இத்தகைய ஒப்பந்தத்தில் ஏப்ரல் வரையும், சாம்பியன் ஒப்பந்தத்தில் ஜூன் வரையும் உள்ளே இருக்கும். அதனால்தான் ஏறக்குறைய நிச்சயமான முடிவும் 97, 98 சென்ட்டிலேயே நிற்கிறது. அதைப் பார்த்து இலவச 2 சென்ட் என்று எண்ண வேண்டாம். இடையில் விற்க வேண்டியிருந்தால், இந்த நீண்டகால ஒப்பந்தங்களில் வாங்குபவர் விலை சில வாரங்களில் 4, 5 சென்ட் கீழே இருக்கும். நுழையும்போதே மறுபக்கத்தில் எத்தனை ஒப்பந்தம் நிற்கிறது என்று பார்த்து, அதற்குக் குறைவான அளவே வாங்குங்கள்.